காய்ப்பு ஓய்கிற தோட்டத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பகுதியை விடாமல் படிக்கிறவள் நான். ஒரு குறை சொல்லத்தான் இந்தக் கடிதம். விதைப்புக் காலம் வந்தால் போதும், வாராவாரம் எழுதுகிறீர்கள். மண் கலவை எப்படி இருக்க வேண்டும், நாற்றை எப்போது பிடுங்கி நட வேண்டும், பந்தலுக்கு எந்தக் கம்பு தாங்கும் என்று முதல் பூ பூக்கும்வரை கூடவே வருகிறீர்கள். அப்புறம் ஆளைக் காணோம். கோடையின் கடைசியில் செடியெல்லாம் களைத்துப்போய், இலையில் சாம்பல் படிந்து, காய் கோணலும் மாணலுமாகத் தொங்குகிற நேரத்தில்தான் யாராவது பக்கத்தில் நின்று நாலு வார்த்தை சொன்னால் தேவலை என்று இருக்கும். அந்த வாரங்களில் உங்கள் பக்கத்தில் வரவேற்பறைத் தொட்டிச் செடிகளின் படம்தான் வருகிறது.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே காய்கறிப் பாத்திகள். அதனால் பகல் முழுக்கத் தோட்டம் என் கண்முன்னால்தான் இருக்கும். காலையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களுக்குப் பிடிபடாத சில விஷயங்கள், இப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்குப் பிடிபடும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மத்தியான வெயிலில் பூசணி இலை, மடக்கிய குடை மாதிரி தொங்கிவிடும். பார்த்தவர்கள் பதறிப்போய்க் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். பூசணி, சுரை, வெள்ளரி மாதிரி அகல இலைக் கொடிகளுக்கு இது சகஜம். வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிட இலை வழியாக ஆவியாகிற வேகம் அதிகமானால், மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கத்தான் செய்யும். வெயில் தாழட்டும், தானாக நிமிர்ந்துகொள்ளும். சாயங்காலமும் நிமிரவில்லை, விடியற்காலையிலும் அப்படியே கிடக்கிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் உடனே வாளியைத் தூக்காமல், விரலை இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் செடிக்குத் தாகம். மண் சொதசொதவென்று ஈரமாக இருந்தும் செடி வாடிக்கிடந்தால் கோளாறு வேரில் இருக்கிறது. அழுகலாக இருக்கலாம், நூற்புழுவாக இருக்கலாம். அந்தச் செடிக்கு இன்னும் தண்ணீர் விடுவது அதை முடித்துவிடுவதற்குச் சமம்.

தினம் பூவாளியில் மேலாகத் தெளிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. மண்ணின் மேல்தோல் நனைகிறது, வேர் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே சுற்றுகிறது, அடுத்த நாள் வெயில் அந்த மேல்தோலைத்தான் முதலில் சுடுகிறது. வாரத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 25 லிட்டர் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. பத்து லிட்டர் வாளியில் இரண்டரை வாளி. வெயில் உச்சத்தில் இருக்கும்போது இதைவிடக் கூடும். அந்தத் தண்ணீரை ஏழு நாளைக்குப் பங்கு போடாமல் இரண்டு மூன்று தவணையாக, வேர்ப்பகுதியில், நிதானமாக இறங்கவிட வேண்டும். தொட்டியில் வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தொட்டிமண் சீக்கிரம் காயும், அதற்குத் தினமும் வேண்டும், சில நாள் இரண்டு வேளைகூட வேண்டும். உங்கள் பகுதியில் தொட்டிக்கும் தரைக்கும் ஒரே ஆலோசனை சொல்லிவிடுகிறீர்கள். இதையும் தயவுசெய்து கவனியுங்கள்.

மூடாக்கு இல்லாமல் எவ்வளவு ஊற்றினாலும் வீண். காய்ந்த இலை, வைக்கோல், காயவைத்த புல் எது கிடைக்கிறதோ அதை ஐந்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி நிறுத்தினால் போதும். நான் வெட்டுத்துணிகளில் சுத்தமான பருத்தியை மட்டும் பிரித்தெடுத்து இலைக்கு அடியில் விரிப்பதும் உண்டு. பாலியெஸ்டர் மக்கவே மக்காது, அது குப்பைக்குத்தான்.

இங்கே இன்னொரு விஷயம். உச்சிவெயிலில் இலைமேல் தண்ணீர் பட்டால் அந்தத் துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து இலையைப் பொசுக்கிவிடும் என்று உங்கள் பகுதியிலேயே ஒரு தடவை வந்தது. ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத் என்ற ஆராய்ச்சியாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டது. வழவழப்பான இலையில் உட்கார்ந்த துளி இலையைச் சுடுவதில்லை என்பது அவர்கள் முடிவு. அடர்த்தியான ரோமம் துளியை இலையிலிருந்து தூக்கிப்பிடிக்கிற சில செடிகளில்தான் அதற்கு வாய்ப்பு உண்டாம். மத்தியானம் ஊற்றினால் கொஞ்சம் ஆவியாகப் போகும் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லுங்கள், சரி. இலை பொசுங்கும் என்று பயமுறுத்தி, நிஜமாகவே தாகத்தில் சாகிற நாற்றுக்கு ஒருத்தர் தண்ணீர் விடத் தயங்கும்படி செய்துவிடாதீர்கள். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயிலிருந்து முதலில் வருகிற தண்ணீர்தான் உண்மையான ஆபத்து. அது கொதிக்கும். மணிக்கட்டில் பிடித்துப் பார்த்து, சூடு போகும்வரை ஓரமாக விட்டுவிட்டுத்தான் பாத்திக்குத் திருப்ப வேண்டும்.

அடுத்து, பூ உதிர்வு. பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரம் நின்று, "தக்காளி பூக்குது, ஆனா எல்லாம் கொட்டிப்போகுது, என்ன உரம் வைக்கலாம்?" என்று கேட்பார். ஒன்றும் வைக்க வேண்டாம் அக்கா என்பதுதான் எப்போதும் என் பதில். பகல் 35 டிகிரி செல்சியஸ் தாண்டி, இரவும் 24-க்குக் கீழே இறங்காமல் நாலைந்து நாள் இருந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும், பூ காயாகாமல் காம்போடு உதிரும். இதற்கு மருந்து கடையில் இல்லை. இரவு குளிர ஆரம்பித்தால் அதே செடி மறுபடி காய் பிடிக்கும். இந்த நேரத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் இலைதான் கொழுக்கும், அந்தக் கொழுந்து இலையைத் தேடி அசுவினி வரும். வெண்டையும் கத்தரியும் தக்காளியைவிட வெயில் தாங்குகிறவை. அதே பாத்தியில் வெண்டை சிரித்துக்கொண்டு நிற்கும்போது தக்காளி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்த்து மண்ணைச் சந்தேகப்படத் தேவையில்லை.

தக்காளி சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நிற்கிறது என்றும் கேட்கிறார்கள். 30 டிகிரிக்கு மேலே போனால் சிவப்பு நிறம் தருகிற லைகோபீன் சரியாக உருவாகாது. காய் நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் நிழலில் வைத்துவிடுவேன். ஜன்னல் திட்டில் வெயில் படவைத்துப் பழுக்கப் போடுகிறார்களே, அது தேவையே இல்லை. பழுப்பதற்கு வெளிச்சம் வேண்டாம், இதமான சூடுதான் வேண்டும். கொடியிலேயே விட்டால் அணிலும் பறவையும் முந்திக்கொள்ளும். அல்லது வெயிலில் காய்ந்து கிடந்துவிட்டுத் திடீரென்று ஒரு மழை பெய்தால் தோல் வெடித்துவிடும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி அமுங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். அது நோய் அல்ல. சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சுண்ணாம்பு பெரும்பாலும் இருக்கத்தான் செய்யும், ஆனால் அது தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். ஒரு நாள் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று விட்டால் வழியிலேயே நின்றுவிடும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் சரியாகிவிடும் என்கிற ஆலோசனையும் உங்கள் பக்கத்தில் வந்ததுதான். போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அந்த ஓடு கரைந்து பலன் தருவதற்குள் இந்தக் கோடை முடிந்து அடுத்தது வந்துவிடும். தண்ணீரை ஒழுங்காக விட்டால் அடுத்து வருகிற காய்கள் நன்றாகவே வரும்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் அழுத்தமாகப் போடுங்கள். கோடைக் கடைசியில் வெள்ளரி கசக்கும். வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் கூடும், முதலில் காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும் தெரியும். லேசான கசப்பு என்றால் காம்புப் பக்கத்தை வெட்டியெறிந்துவிட்டு, தோலைக் கனமாகச் சீவிவிட்டு மிச்சத்தை ருசி பார்க்கலாம். ஆனால் சுரை, பூசணி, பீர்க்கு இவை கடுங்கசப்பாக இருந்தால் ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது. வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். "வீட்டில் விளைந்தது, மருந்து படாதது, கசப்பு உடம்புக்கு நல்லது" என்று சாறு பிழிந்து குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவது என் வழக்கம். கசந்தால் காய் முழுவதும் குப்பைக் குழிக்கு.

பூச்சி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பருவத்தின் வில்லன் செம்பேன். வெயிலும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். கத்தரி இலையில் ஊசி குத்தியது மாதிரி வெளிர் புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த மண்துகளில் சில நடக்கத் தொடங்கினால் அதுதான். என்னிடம் தையலுக்கு வைத்திருக்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி உண்டு. அதில் பார்த்தால் இலையின் அடிநரம்பை ஒட்டி மெல்லிய வலை, வலைக்குள் கண்ணாடி மணி மாதிரி உருண்டை முட்டை, முட்டைக்கு இடையில் எட்டுக்காலோடு ஊர்ந்து போகிற உடம்பு, முதுகில் இரண்டு கரும்புள்ளி. பூச்சிக்கொல்லியை எடுத்து அடித்தால் இதைப் பிடித்துத் தின்கிற பேன்களும் பொறிவண்டுகளும்தான் முதலில் சாகும், செம்பேன் இரண்டு பங்காகத் திரும்பி வரும். காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினாலே பாதி ஒழியும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சாதாரணத் திரவ சோப்பு கலந்து, வெயில் சாய்ந்த பிறகு, இலைக்கு அடியில் நனைகிற மாதிரி தெளிக்க வேண்டும். துணி துவைக்கிற தூள் வேண்டாம், அது இலையைக் கருக்கும். முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்வது நல்லது. சோப்பு காய்ந்துவிட்டால் வேலை செய்யாது, பூச்சியின் மேல் ஈரமாகப் பட்டால்தான் பலன். அதனால் சில நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்க வேண்டியிருக்கும்.

வெள்ளரி, பூசணி இலையில் மாவு தூவியது மாதிரி வருகிற சாம்பல் நோய்க்குப் பால் தெளிக்கலாம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட வேண்டாம். பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற விஞ்ஞானி சுக்கினி என்ற பூசணி வகைச் செடியில் பசும்பாலைச் சோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார். ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒரு முறை அல்லது இரண்டு முறை. நோய் தொடங்கும்போதே அடித்தால்தான் உண்டு. முழுக்க வெளுத்துப்போன கிழட்டு இலைக்கு எதை அடித்தும் பயனில்லை, கிள்ளி எறிய வேண்டியதுதான். கிள்ளும்போதும் ஒரேயடியாக மொட்டையடித்துவிடக் கூடாது. நிழலிலேயே வளர்ந்த காயின்மேல் திடீரென்று வெயில் விழுந்தால் அந்த இடம் வெளுத்துக் காகிதமாகிவிடும்.

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்தில் மண்வெட்டியோடு வந்து நிற்பார். "எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுச் சுத்தமா வெச்சுக்கலாமே" என்பார். அவர் பார்வையில் தோட்டம் என்பது காய்க்க வேண்டும், இல்லையென்றால் காலியாக இருக்க வேண்டும். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்பதில்தான் கோடைக் கடைசியின் சூட்சுமமே இருக்கிறது, அதைத்தான் நீங்கள் எழுதுவதே இல்லை. கத்தரியைப் பிடுங்கவே கூடாது. வெயில் தணியத் தொடங்கியதும் தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டி, மக்கு உரம் வைத்துத் தண்ணீர் காட்டினால் புதுக்கிளை விட்டு மறுபடி காய்க்கும். மிளகாயும் அப்படியே நிற்கட்டும், வெப்பம் குறைந்ததும் அதற்கு இரண்டாவது காய்ப்பு உண்டு. ஒரே சமயத்தில் காய்த்துத் தள்ளிவிட்டு ஓய்ந்துபோன குட்டை ரகத் தக்காளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதை எடுத்துவிடலாம். இடைவிடாமல் நீளுகிற கொடி ரகத்தை விட்டுவைக்கலாம். பீன்ஸ், அவரை முடிந்திருந்தால் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட வேண்டும், வேர் உள்ளேயே மக்கி மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும். நோய் கண்ட செடியை மட்டும் உரக்குழியில் போடக் கூடாது. நூற்புழு தாக்கி வேர் முண்டு முண்டாக வீங்கியிருந்தால் அந்த இடத்தில் அடுத்த முறை தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எதையும் வைக்காமல் வேறு எதையாவது யோசிக்க வேண்டும்.

ஓய்கிற செடி கொடுக்கிற கடைசி விஷயம் விதை. செடி நன்றாக இருக்கும்போதே, நல்ல காயைப் பார்த்து, அதன் காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவேன். சிவப்பு நூல் கட்டிய காயை வீட்டில் யாரும் தொடக் கூடாது என்பது சட்டம். வெண்டை செடியிலேயே நெற்றாகி, தையல் பிரிகிற மாதிரி கோடு கோடாக வெடிக்கும்வரை விட வேண்டும். வெள்ளரி சமையல் பக்குவத்தைத் தாண்டி, மஞ்சளாகி உப்பிப்போக வேண்டும். தக்காளி விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு ஜவ்வு இருக்கும், அது விதையை முளைக்கவிடாமல் பிடித்து வைக்கிற ஜவ்வு. சாறோடு சேர்த்துக் கண்ணாடி டம்ளரில் இரண்டு மூன்று நாள் வைத்தால் மேலே வெள்ளையாக ஆடை கட்டும், நாற்றமடிக்கும். அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் ஜவ்வு கரைந்து, நல்ல விதை அடியில் படியும், பதர் மிதக்கும். கழுவித் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். வீரிய ஒட்டு ரகத்தில் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், அதன் விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. பூசணி, சுரையில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே இனத்துக்குள் வேறு ரகத்தின் மகரந்தம் தேனீ மூலமாக வந்து கலந்துவிட்டால் அடுத்த தலைமுறையில் நான் மேலே சொன்ன கடுங்கசப்பு வந்து சேரலாம். விதைக்கு வேண்டுமென்றால் பூசணியின் பெண் பூவை முந்தின நாள் சாயங்காலமே நூலால் வாய்க்கட்டி, காலையில் அதே ரகத்து ஆண் பூவால் தொட்டு, மறுபடி கட்டிவிட வேண்டும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. இது விடிகாலை வேலை, வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும்.

காலியான பாத்தியை வெயிலில் வெறுமனே கிடக்க விடாமல் மூடாக்கையாவது போட்டு வைக்க வேண்டும். முள்ளங்கி, கேரட், கீரை என்று அடுத்த பருவத்துக்கு விதைப்பதாக இருந்தால் முளைக்கும்வரைதான் சிரமம். கேரட் விதைத்த வரிசைமேல் ஒரு பலகையைப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்த்து, வெள்ளை முளை தெரிந்ததும் எடுத்துவிட்டால் ஆயிற்று.

இத்தனையும் ஒரு கடிதத்தில் அடைத்திருக்கிறேன் என்றால், இதில் பெரும்பாலானவற்றை உங்கள் பகுதியில் நான் படித்ததில்லை என்பதுதான் காரணம். விதைப்புக் காலத்துக்கு ஆறு வாரம் ஒதுக்குகிறீர்கள். கோடை முடிகிறபோது இரண்டு வாரம் கொடுங்கள். எழுதுவதற்கு விவரம் தெரிந்தவர்கள் வாசகர்களிலேயே நிறையப் பேர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கடிதம் நீளம் என்று வெட்டத்தான் போகிறீர்கள், எனக்குத் தெரியும். முட்டை ஓட்டை வெட்டுங்கள், என் வீட்டுக்காரரைக்கூட வெட்டிவிடுங்கள், பரவாயில்லை. கசக்கிற சுரைக்காயைப் பற்றிச் சொன்ன பத்தியை மட்டும் முழுதாகப் போடுங்கள். சோப்பு அளவை அச்சில் சரிபாருங்கள்: லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, ஒரு கரண்டி அல்ல.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் ஒரு வாசகி